தலைமாட்டுப் பலகை

மார்க்கர் மை நான்கு இடங்களில் அழிந்திருந்தது.

திருச்செல்வம் தேநீர்க் கோப்பையோடு நின்று அதையே பார்த்தான். அடுக்களைக்குப் போய் வந்ததற்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. போவதற்கு முன்புதான் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருந்த இருபது ஃப்ரெட் கம்பிகளின் முதுகிலும் கறுப்பு மை பூசி முடித்திருந்தான். கம்பிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர அதுதான் வழி. மைக்கு மேலே, உப்புத்தாள் ஒட்டிய நீளமான இரும்புச் சட்டத்தை ஓட்டினால் உயர்ந்து நிற்கும் கம்பியில் மை போய்விடும், தாழ்ந்த கம்பியில் தங்கிவிடும். சட்டத்தை அவன் இன்னும் கையில் எடுக்கவில்லை. ஆனாலும் மூன்றாம் கம்பியிலும் ஐந்தாம் கம்பியிலும் இரண்டிரண்டு இடத்தில் விரல் நுனி அகலத்துக்கு உலோகம் பளிச்சென்று தெரிந்தது. சட்டைக் கை உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அவன் போட்டிருந்தது கையில்லாத பனியன்.

மறுபடி மை பூசினான்.

மணி மூன்றரை. பிரிக்பீல்ட்ஸுக்கு மேலே மேகம் கறுத்து, மூன்றாம் மாடி வீட்டுக்குள் விளக்குப் போடும் அளவுக்கு இருட்டியிருந்தது. சன்னல் வழியாக மழைக்கு முந்தைய சூடான தார் வாசனையும், கீழே பூக்கடையில் காலையிலிருந்து வாடிக்கொண்டிருந்த மல்லிகையும், கிள்ளானுக்குப் போகும் ரயில் தண்டவாளத்தைத் தேய்க்கும் சத்தமும், எல்லாவற்றுக்கும் அடியில், மஞ்சள் ஓடு பதித்த நடைபாதையில் கண் தெரியாதவர்கள் கம்பு தட்டிக்கொண்டு மசாஜ் கடைகளுக்கு நடக்கும் டொக் டொக்கும் மேலேறி வந்தன. இங்கே குடியிருப்பவர்கள் காதில் அந்தச் சத்தம் விழுவதே இல்லை. ஒரு மாதமாகத் திருச்செல்வம் காதில் விழுந்தது. அதுவும் மூன்று மூன்றாக.

மேசையில் கிடந்தது ஆர்ச்டாப் கிட்டார். முதுகும் முகமும் வயலின் மாதிரி வளைத்துச் செதுக்கப்பட்டது. முகத்துக்கு வெளிநாட்டு மரம் வாங்கியிருந்தான். முதுகுக்கு வாங்கவில்லை. அது தனத்தின் கட்டில் தலைமாட்டுப் பலகை.

அவன் மனைவி தனலெட்சுமிக்குப் பக்கவாதம் வந்தபோது வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. மிச்சமிருந்த இடது கையால் தலைமாட்டுப் பலகையில் மூன்று முறை தட்டிக் கூப்பிடுவாள். இவன் வேலை மேசையிலிருந்தே "வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவான். பதினொரு மாதம் அப்படி ஓடியது. ஒருநாள் மதியம் வேறொரு கிட்டாருக்கு மட்டம் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் தட்டினாள். வரேன் என்றான். சட்டத்தைப் பாதியில் எடுத்தால் கம்பியில் பள்ளம் விழும், இந்த ஒரு ஓட்டு முடியட்டும் என்று உட்கார்ந்தான். மறுபடி தட்டினாள். மறுபடி வரேன் என்றான். நாற்பது நிமிடம் கழித்து உள்ளே போனபோது அவள் கை பலகைமேல் மடங்கி இருந்தது, சத்தம் இல்லை.

திருச்செல்வத்துக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டுதான், பண்டமாரானிலிருந்து ஓடிவந்த அவள் தங்கையிடம், தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று சொன்னான். அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். சாவு வீட்டில் 'வரேன்' என்று சொல்லக்கூடாது, அதுதான் முறை. அதற்கப்புறம் ஒன்றரை வருடமாக இந்த வீட்டில் அந்த வார்த்தை கேட்கவில்லை. சொல்ல ஆள் வரவில்லை.

பலகையைக் குப்பையில் போட மனம் வரவில்லை. வைத்துக்கொண்டு தூங்கவும் முடியவில்லை. கிட்டாராக்கி ஒரு நல்ல கையில் கொடுத்துவிட்டால் அதற்கும் மரியாதை, தனக்கும் ஒரு ராத்திரி முழுத் தூக்கம் என்று கணக்குப் போட்டான். செதுக்கும்போது பலகையைத் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒலியைக் கேட்டுத்தான் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரியும். அவன் ஒருமுறை தட்டினான். பலகை மூன்று முறை ஒலித்தது. அன்றோடு செதுக்குவதை நிறுத்தி, இன்னும் மெலிய வேண்டிய பலகையை அப்படியே வைத்துக் கிட்டாரின் உடற்பெட்டியை ஒட்டி மூடிவிட்டான்.

இன்று மட்டம் பிடித்து முடித்தால் தந்தி கட்டலாம். சனிக்கிழமை அது வீட்டை விட்டுப் போய்விடும்.

மாடிப்படியில் கம்புச் சத்தம் ஏறி வந்தது. கிட்டார் கேட்டிருந்த சின்னையா. மசாஜ் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பங்சாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வாசிப்பு. வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. மூன்று நாளாக யாரோடும் பேசாமல் திருச்செல்வத்தின் தொண்டை கட்டியிருந்தது. ஒரு மனிதக் குரலைக் கேட்டதே அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. சின்னையா பெட்டியின் வளைவைக் குழந்தையின் முதுகைத் தடவுவதுபோல் தடவினான். தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் பிக்கப் எப்படி என்று கேட்டான். தந்தி இல்லாததால் திருச்செல்வம் கழுத்தோரம் பொருத்தியிருந்த பிக்கப்பை ஆம்ப் ஒலிபெருக்கியோடு இணைத்து, அதன் காந்தத்தைத் திருப்புளி நுனியால் தொட்டுக் காட்டினான். டொக் என்றது ஆம்ப். சின்னையா சிரித்தான். பிறகு தலையைச் சாய்த்து எதையோ கவனித்தான்.

முதல் தூறல் விழுந்ததும் எழுந்துகொண்டான்.

"மழ வருது லா. சனிக்கிழம வந்து எடுத்துக்கிறேன். வரேன் அண்ணே." கம்பை விரித்துவிட்டுப் படுக்கையறைப் பக்கம் முகத்தைத் திருப்பினான். "வரேன் அக்கா."

திருச்செல்வம் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். எந்த அக்கா என்று கேட்டான்.

"உள்ள தட்டிக்கிட்டே இருக்காங்களே அண்ணே, மூணு மூணா. ரொம்ப நேரமா கூப்புடுறாங்க. போய்ப் பாருங்க லா, பாவம்."

இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடு, மட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல நினைத்தான். அதற்குள் கம்புச் சத்தம் இரண்டு மாடி இறங்கியிருந்தது.

மழை கொட்டியது. தகரக் கூரைகளும் சாலையும் ரயிலும் ஒரே இரைச்சலில் அமுங்கின. அவன் அவசரமாக இரும்புச் சட்டத்தை எடுத்தான். முடித்துவிட வேண்டும், இப்போதே, வேறு எதையும் நினைக்காமல். குனிந்தான். மை மறுபடி அழிந்திருந்தது. இந்த முறை எட்டு இடங்களில், ஒரு இடது கை பதிந்து பதிந்து நகர்ந்ததுபோல.

சட்டத்தை ஓட்டினான். ஒரு ஓட்டு. இரண்டு.

டொக். டொக். டொக்.

ஆம்ப்பிலிருந்து வந்தது. அவன் திருப்புளியைத் தொடவில்லை. பிக்கப் தந்தியைத்தான் கேட்கும், மரத்தைக் கேட்காது, இருபது வருடமாக அவன் எல்லாருக்கும் சொல்லி வந்தது அது. தந்தியே கட்டவில்லை.

டொக். டொக். டொக்.

"வரேன்" என்றான். பழக்கம். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. சட்டம் மட்டும் கையில் ஓடிக்கொண்டே இருந்தது, அன்றைக்குப் போல.

ஆம்ப் கொஞ்ச நேரம் ரீங்கரித்தது. பிறகு, நாக்குத் தடித்த ஒரு குரல், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி எடுத்து, சொன்னது.

"நா... வ... ரேன்."

வயரைப் பிடுங்கினான். ஆம்ப்பின் சிவப்பு விளக்கு அணைந்தது. மழை, வந்த மாதிரியே, சட்டென்று நின்றது.

படுக்கையறைச் சுவரில் மூன்று தட்டு. கட்டில் இருந்த இடம். இப்போது அங்கே கட்டில் இல்லை.

அறைக் கதவில் மூன்று. உள்பக்கமிருந்து.

கதவின் வெளிப்பக்கம்.

நாற்காலி.

மேசை. அவன் கைக்குக் கீழே மரம் அதிர்ந்தது.

எழுந்திருக்க வேண்டும். கால் வரவில்லை. மல்லிகை வாசனை போய், தைலமும் நனைந்த படுக்கைத் துணியும் கலந்த அந்த அறையின் வாசனை. பின்னால். மிக அருகில்.

தோளில் தட்டு விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. மெதுவாக, தூங்குகிறவனை எழுப்புவதுபோல.

அவன் திரும்பவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தினான். வெள்ளைப் பனியனின் பட்டையிலும் தோள்சதையிலும் நான்கு விரல்கள், கறுப்பாக, ஈரம் காயாமல்.

வாய் தானாகவே சொன்னது.

"வரேன்."

நான்கு விரல்களும் மடங்கி அவன் தோளைப் பிடித்துக்கொண்டன.