மிளகின் வருகைப் பதிவு

நாலு மாத விடுப்பு முடிந்து கணக்கு டீச்சர் திரும்பி வந்த காலையில் வாட்ச்மேன் கேட்டைப் பாதிதான் திறந்தார். முழுக்கத் திறந்தால் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிறீச்சிடும் என்பது அவர் கட்சி; எண்ணெய் விட்டால் தீர்ந்தது என்று சொன்னால் காதில் விழாது. "வாங்கம்மா" என்றார். சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார். டீச்சரும் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

அது பள்ளிக்கூடமாகப் பிறந்த கட்டடம் இல்லை. ஒரு காலத்தில் பாட்டுப் பதிவு செய்த இடம். சுவரெல்லாம் தடித்த கம்பளி ஒட்டி, கதவெல்லாம் மெத்தை வைத்துத் தைத்து, வெளியே லாரி அலறினாலும் உள்ளே கேட்காதபடி கட்டியிருந்தார்கள். உள்ளே பேசுகிற பேச்சையும் அந்தக் கம்பளி குடித்துவிடும். யார் எந்த மூலையிலிருந்து பேசுகிறார்கள் என்று திசையே பிடிபடாது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நடைபாதையில் ஈரக் கம்பளி வாசனை ஒன்று உட்கார்ந்திருக்கும்.

இங்கே படிக்க வருகிறவர்கள் எல்லாரும் வேறெங்கேயோ ஒருமுறை தோற்றுவிட்டு வந்தவர்கள். ஒருத்தன் பத்து வயதில் கடைக்கு வேலைக்குப் போனவன். ஒருத்தி கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வருகிறவள். இன்னொருத்தன் வாத்தியாரைக் கைநீட்டி அடித்துவிட்டு மூன்று பள்ளிகளில் கதவடைக்கப்பட்டவன். மேல்நிலைச் சான்றிதழ் என்கிற ஒற்றைக் காகிதம் இல்லாததால் உலகம் இவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தது.

அதனால் இங்கே ஒரு வழக்கம். சேருகிற அன்றே, உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்பார்கள். திட்டு வாங்கும்போது மட்டுமே கேட்டுக் கேட்டுச் சொந்தப் பெயரே அந்தப் பிள்ளைகளுக்குக் கசந்து போயிருக்கும். அவர்களாகச் சொல்கிற பெயர்தான் வருகைப் பதிவேட்டில் ஏறும். ராத்திரி முழுக்க ரொட்டி சுடும் வேலை பார்த்துவிட்டு வகுப்பில் தலை ஆட்டுகிறவன் தனக்குத் தானே 'தூக்கம்' என்று வைத்துக்கொண்டான். எல்லாரையும் அதட்டுகிற நெட்டைப் பெண் 'கேப்டன்'. ஆள் நாலடி, வாய் நாற்பதடி என்று ஒரு பெண் வந்தாள். அவள் 'மிளகு' என்று எழுதச் சொன்னாள்.

பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன், டீச்சர்" என்று பதில் சொல்ல வேண்டும். வராதவர்கள் வீட்டுக்குப் பத்து மணிக்குள் போன் போய்விடும். அது இந்தப் பள்ளியின் கண்டிப்பான விதி.

மிளகுக்கு இது மூன்றாவது முயற்சி. அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அம்மாவுக்குச் சோறு ஆக்கிவைக்க என்று லீவு போட்டுப் போட்டு, பரீட்சை எழுதத் தேவையான வருகை நூலிழையில் தொங்கியது. இன்னும் ஒரு நாள் போனால் அனுமதிச் சீட்டு கிடையாது. முதல் பருவப் பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவள் நாற்காலி காலியாகக் கிடந்தது. டீச்சர் பெயரைக் கூப்பிட்டாள். எங்கிருந்தோ மெல்லிசாக ஒரு பதில் வந்தது.

யாரோ குனிந்துகொண்டு மிளகுக்காகக் குரல் கொடுக்கிறார்கள் என்று டீச்சர் நினைத்தாள். கல்லூரி நாளில் அவளே தோழிகளுக்காக எத்தனையோ முறை செய்ததுதான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, யார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வந்ததாகக் குறி போட்டுவிட்டாள். புதன்கிழமையும் அதே மாதிரி ஒரு பதில், அதே மாதிரி ஒரு குறி. பாவம், பிழைத்துப் போகட்டும் என்றுதான் செய்தாள். நல்ல மனசோடுதான் செய்தாள், அதை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு மிளகின் அம்மா பள்ளிக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளாக இருந்தவள். அந்த வாரம் இரட்டை டூட்டி. மிளகு மூத்த மகள் வீட்டில் இருக்கிறாள் என்று அம்மா நினைத்திருக்க, அம்மாவோடு இருக்கிறாள் என்று பெரியவள் நினைத்திருந்தாள். ஏதோ மனசு கேட்காமல்தான் அம்மா விசாரித்தாள். ஆபீஸ் அக்கா பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "வந்திருக்காம்மா, உள்ளேதான் இருக்கா" என்றாள். அம்மா நிம்மதியாக வேலைக்குத் திரும்பினாள்.

வியாழக்கிழமை பல்பு மாற்ற வந்த எலக்ட்ரீசியன், வகுப்பின் கரும்பலகைச் சுவருக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைத் திறந்தான். கதவுக்குப் பக்கத்தில் மிளகு சுருண்டு கிடந்தாள்.

வீட்டில் புத்தகம் விரிக்க இடமில்லாதவள், திங்கட்கிழமை சாயங்காலம் அமைதியாகக் கணக்குப் போட அங்கே போயிருக்கிறாள். உள்பக்கக் கைப்பிடி என்றைக்கோ உடைந்து போன கதவு. திறந்து கிடக்கிறதே என்று வாட்ச்மேன் இழுத்துச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார். அந்த அறைக்குள் போனுக்கு சிக்னல் எட்டாது. அவளுக்கோ இளைப்பு நோய். மருந்துக் குப்பி காலியாகக் கையில் இருந்தது. உயிர் போனது எப்போது என்று டாக்டர் எழுதியிருந்தார்.

புதன்கிழமை ராத்திரி.

விசாரணையில் டீச்சர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். யாரோ குரல் கொடுத்தார்கள், நம்பிக் குறி போட்டேன் என்றாள். வகுப்பில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வாரமே டீச்சர் படுத்தவள்தான், நாலு மாதம் எழுந்திருக்கவில்லை. இப்போது மிளகின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தக் குரல் கொடுத்த பிள்ளையை ஒருமுறை பார்க்க வேண்டும், திட்ட மாட்டேன், ஏன் என்று மட்டும் கேட்க வேண்டும், பதினோரு மணிக்கு வருகிறேன் என்று. டீச்சர் இன்று வேலைக்கு வந்ததே அதற்காகத்தான். பதினோரு மணிக்குள் அவளுக்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் கிடைத்தால் தன் மேல் விழுந்த பாரத்தில் பாதியாவது இறங்கும் என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டிருந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வகுப்பில் எல்லாரும் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். பதிவேடு புதியது. அதில் மிளகு என்ற பெயர் இல்லை. டீச்சர் வரிசையாகக் கூப்பிட்டாள்.

"கேப்டன்."

"உள்ளேன், டீச்சர்."

"தூக்கம்."

"உள்ளேன், டீச்சர்."

அடுத்த பெயரைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். பிள்ளைகள் பதினைந்து பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் பேனாவை உருட்டிக்கொண்டே இருக்கிற ஒருவன் அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தான். தூக்கம் கண்ணை அகல விழித்திருந்தான்.

ஈரக் கம்பளி வாசனை பிடரிக்குப் பின்னால் குளிர்ந்தது.

பிறகு அது வந்தது.

"உள்ளே... டீச்சர்."

நாலு மாதத்துக்கு முன்னால் கேட்ட அதே குரல். டீச்சருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். செத்துப் போனவளை வைத்து விளையாடுகிறீர்களா, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா என்று மேஜையைத் தட்டினாள். யார் அது என்று கேட்டாள். அன்றைக்குக் குரல் கொடுத்ததும் அதே ஆள்தான், இப்போதே எழுந்து நிற்க வேண்டும் என்றாள்.

கேப்டன்தான் எழுந்தாள். அவள் குரலில் அதட்டல் எல்லாம் எங்கேயோ போயிருந்தது. இது தினமும் வருகிறது என்று சொன்னாள். நாலு மாதமாக, தூக்கம் பெயருக்கு அடுத்து, மிளகு இருந்த இடத்தில். உங்களுக்குப் பதிலாக வந்த சாரிடம்கூட அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டோம், அவருக்கும் பழகிவிட்டது என்றாள்.

"அப்ப அந்த செவ்வாய்க்கிழமை?" என்றாள் டீச்சர். "அன்னிக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல டீச்சர்," என்றான் தூக்கம். "எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. நான் கேப்டன்னு நினைச்சேன். கேப்டன் நான்னு நினைச்சா. ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டிருந்தோம்." "அப்புறம் தினமும் கேட்டப்பத்தான் புரிஞ்சது. நீங்களும் நல்லாக் கேளுங்க. அவ 'உள்ளேன்'னு சொல்லல."

டீச்சர் கேட்டாள். கம்பளிக்குள்ளிருந்து, கரும்பலகைக்கு மேலே கூரையை ஒட்டி அந்தச் சின்ன அறைக்குத் திறந்திருந்த காற்றுத் துளையிலிருந்து, மூச்சைச் சேர்த்துச் சேர்த்து இரண்டே சொல்லாக அது மறுபடி வந்தது.

"உள்ளே... டீச்சர்."

உள்ளேன் இல்லை.

உள்ளே.

உள்ளே இருக்கிறேன் என்று முழுதாகச் சொல்ல அவளுக்கு மூச்சு இருந்திருக்காது. வகுப்பு முழுக்க அமைதியாக இருப்பது பெயர் கூப்பிடுகிற அந்த ஐந்து நிமிஷம்தான். அவள் அதற்காகவே இருட்டில் காத்திருந்திருக்கிறாள். தன் பெயர் காதில் விழுந்ததும் இருக்கிற மூச்சை எல்லாம் திரட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். டீச்சர் சிரித்துக்கொண்டே ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கிறாள்.

இரண்டு நாள்.

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிள்ளைகளும் அழுதார்கள். ஒருவர் பக்கத்தில் ஒருவர் போகவில்லை.

பதினோரு மணிக்கு அம்மா வந்தாள். வார்டுச் சீருடையோடு வந்திருந்தாள். ஒரு மணி நேர அனுமதிதான் என்றாள். ஆபீஸ் அறையில் டீச்சர் எதிரே உட்கார்ந்து, அந்தப் பிள்ளை பயப்பட வேண்டாம் என்று முதல் வார்த்தையாகச் சொன்னாள். டீச்சர் காலையில் எத்தனையோ விதமாகப் பேசிப் பார்த்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

"எந்தப் பிள்ளையும் குரல் கொடுக்கலம்மா. உங்க பொண்ணுதான் கூப்பிட்டா. சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து என்னைக் கூப்பிட்டா. நான் குறி போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டேன்."

அம்மா சுவரில் மாட்டியிருந்த கால அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளுமா?"

"ஆமா."

"புதன்கிழமை குரல் எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். டீச்சர் சொல்லவில்லை. "செவ்வாய்க்கிழமையை விடச் சின்னதா இருந்துச்சு."

அம்மா தலையை ஆட்டினாள். இளைப்பு வந்தால் அவளுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வராது என்றாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தால் அடங்கிவிடும் என்றாள். டீச்சர் மிச்சத்தையும் மறைக்கவில்லை. அந்தக் குரல் இன்றும் வருகிறது என்று சொன்னாள். அம்மா அதை நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. எழுந்து நின்றாள்.

"கூப்பிடுங்க. நான் கேக்கணும்."

வகுப்பில் மிளகின் நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். பிள்ளைகள் நிமிரவே இல்லை. டீச்சர் முதல் பெயரிலிருந்து தொடங்கினாள். கேப்டன் பதில் சொன்னாள். தூக்கம் பதில் சொன்னான். டீச்சர் நிறுத்தினாள். பிறகு, நாலு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக, அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னாள்.

"மிளகு."

ஒன்றும் இல்லை.

மறுபடி கூப்பிட்டாள். காற்றுத் துளையில் தூசிகூட அசையவில்லை. வாசனையும் இல்லை. மூன்றாம் முறை டீச்சரின் குரல் உடைந்து போனது. அம்மாவே எழுந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் போய், கம்பளிச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். முதுகைத் தடவுகிற மாதிரி மேலும் கீழுமாக மெதுவாகத் தடவினாள்.

"பாப்பா. அம்மா வந்திருக்கேன்டா."

பிள்ளைகள் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா காதைச் சுவரில் அழுத்திக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் கையை எடுத்துக்கொண்டாள். கஷ்டம் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது, அதுவே போதும் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். சொல்லும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. வாசலில் டீச்சர் கையைப் பிடிக்கப் போனாள். அம்மா கையைக் கொடுக்கவில்லை.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வரல. கேக்காதீங்க."

டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தாள். கதவுக் கண்ணாடி வழியாக டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றாள். நடைபாதையின் கோடிவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போய், வெளிச்சத்தில் இறங்கி, அம்மா மறைந்தாள்.

டீச்சர் மேஜைக்குத் திரும்பினாள். அப்படியானால் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. அழுகைக்கு நடுவில் மனசு லேசாகக்கூட இருந்தது. பாடம் எடுக்கத் தெம்பில்லை, எல்லாரும் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள் என்று சொல்ல நிமிர்ந்தாள்.

பிள்ளைகள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. பதினைந்து பேரும் அவள் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஈரக் கம்பளி வாசனை வந்தது.

மூச்சு முட்டாமல், அவசரமில்லாமல், எங்கேயோ ஒளிந்துகொண்டிருந்த குழந்தை ரகசியமாகக் கேட்பது போல அந்தக் குரல் கேட்டது.

"அம்மா போயிட்டாங்களா, டீச்சர்?"