மூணு சொல்லாத குரல்

“நாலு மணிக்குள்ள இந்த ஆத்தைத் திரும்பத் தாண்டியாகணும். அதுக்கப்புறம் இந்தப் பாதை யானைக்குச் சொந்தம். அதுங்க வந்து நின்னா நான் ஓடிருவேன், யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்!”

தனக்கொடி கொடுத்த வரவேற்பு இதுதான். வனத்துறைக்கு வழிகாட்டி வேலை பார்ப்பவள். நாற்பது வயது, வாய் மட்டும் அறுபது வயதுக்குப் பேசும். அட்டை ஏறாமலிருக்க நிலோஃபரின் கணுக்காலில் மூக்குப்பொடியை அப்பிவிட்டு, “தும்மிறாத பாப்பா, காடே எந்திரிச்சிரும்” என்று வேறு மிரட்டினாள்.

நிலோஃபர் சென்னையில் டிஜே. ஃபங்க், சோல் என்று அபூர்வமான பழைய ஆட்டப்பாட்டு இசைத்தட்டுகள் என்றால் பைத்தியம். பாட்டோடு பாட்டை இணைத்து எழுபத்திரண்டு நிமிஷ மிக்ஸ் ஒன்றை மூன்று வருஷமாகக் கோத்துக்கொண்டிருந்தாள். மற்ற டிஜேக்கள் எட்டிப் பார்த்துப் பாட்டின் பெயரைச் சுட்டுவிடக் கூடாதென்று லேபிள் மேல் ஊறுகாய் பாட்டில் ஸ்டிக்கரை ஒட்டித்தான் மேடையில் தட்டைச் சுழற்றுவாள். அவ்வளவு கஞ்சத்தனம்! அந்த மிக்ஸில் கடைசி நான்கு நிமிஷம் மட்டும் இன்னும் காலி.

அந்த நான்கு நிமிஷத்துக்கு உரியவரின் மகன்தான் கூட வந்த ஜெரால்டு. தட்டைச் சுழற்றும் அவளுடைய டர்ன்டேபிள்களுக்கு வைத்தியம் பார்க்கும் மெக்கானிக். வயது ஐம்பது. அவருடைய அம்மா பிரான்சிஸ்கா, இந்த நீலிமட்டம் தேயிலை எஸ்டேட் கிளப்பில் ‘தி லீச்சஸ்’, அதாவது ‘அட்டைகள்’ என்ற வாத்தியக் குழுவில் பாடியவள். ஒரே ஒரு ரெக்கார்டு போட்டார்கள், ஐம்பது பிரதி. மறு வருஷம் மண்சரிவு வந்து குழுவையும் பிரதிகளையும் சேர்த்து மூடிவிட்டது. கைக்குழந்தை ஜெரால்டு காய்ச்சலென்று கன்னியாஸ்திரீகளின் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பிழைத்தார். அம்மாவின் குரல் எப்படியிருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. கிளப்பில் மட்டும் ஒரு பிரதி தங்கியதாக ஒரு பழைய சேகரிப்பாளரின் பட்டியலில் நிலோஃபர் கண்டுபிடித்தாள். கிளப்பையோ திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள்!

“ஒரு தடவை கேட்டா போதும்மா” என்றார் ஜெரால்டு. வழியெல்லாம் அவர் பேசியது அவ்வளவுதான்.

மரப்பாலத்தைத் தாண்டி ஏறினார்கள். நடுப்பகலிலேயே மூடுபனி இறங்கி, முன்னால் போகிறவரின் முதுகு கரைந்துபோனது. தேயிலைச் செடிகள் ஆளுயரத்துக்கு மரமாகி நின்றன. பாதையில் கிடந்த யானைச் சாணத்தைத் தனக்கொடி விரலால் தொட்டுப் பார்த்தாள். “சுடுது. இங்கதான் எங்கயோ நிக்குதுங்க. வாயை மூடிட்டு வாங்க.” அதுவரையிலும் அதிகம் பேசாமல் வந்த மற்ற இரண்டு பேரும் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

ஆற்றிலிருந்து கால் மணி நேரத்தில் கிளப் வந்தது. ஓடு பாதி இல்லை. உள்ளே பெரிய நடனக்கூடம். மரத்தரை உளுத்து, அங்கங்கே ஓட்டை வாய் பிளந்திருந்தது. கீழே இருட்டு.

“ஓரமா, சுவரை ஒட்டியே நடங்க. நடுவுல கால் வெச்சா அடித்தளத்துக்கு நேர் பயணம்” என்றாள் தனக்கொடி.

அப்போதுதான் அது கேட்டது.

“ஒண்ணு... ரெண்டு...”

பெண் குரல். காதோரம் சொன்னதுபோல் அவ்வளவு பக்கத்தில். பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. அப்புறம் ஒன்றுமில்லை, ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும். ஜெரால்டு சுவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

“யாரு அது?” என்றாள் நிலோஃபர்.

“யாரோ. எங்க ஊர்ல எல்லாரும் கேட்டிருக்காங்க” என்றாள் தனக்கொடி, குரலைத் தாழ்த்தி. “ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணும். சிரிக்கும். மூணு மட்டும் சொல்லவே சொல்லாது. அந்தப் பயத்துலதான் இத்தனை வருஷமா இங்கிருந்து ஒரு ஆணியைக்கூட யாரும் எடுக்கல.”

பார் மேஜைக்குப் பின்னால் அலமாரி இருந்தது. ஜெரால்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். உள்ளே ஒரு மரப்பெட்டி, அதில் இருபது முப்பது தட்டுகள்! நிலோஃபர் பாய்ந்து குனிந்தாள். உறைகளைக் கரையான் அரித்திருந்தாலும் தட்டுகள் முழுசாக இருந்தன. நடுவில் ஒரு உறை மட்டும் பிழைத்திருந்தது. ‘தி லீச்சஸ்’. அட்டையில் மைக் முன்னால் ஒரு பெண், வயிறு மேடிட்ட கர்ப்பிணி, வாய் நிறையச் சிரிப்பு.

ஜெரால்டு இரண்டு கையாலும் வாங்கினார். உறையைக் கவிழ்த்தார். காலி.

பெட்டியைத் தலைகீழாகப் புரட்டினார்கள். எல்லாம் வெளிநாட்டுத் தட்டுகள். கடைசியாக ஒன்று மிஞ்சியது. லேபிளில் ‘கோழி வளர்ப்போர்க்கு அறிவுரைகள்’ என்று அச்சிட்டிருந்தது.

“கோழியாம், கோழி!” நிலோஃபருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஒரு டிஜே செய்யவே கூடாததைச் செய்தாள். தட்டை அப்படியே கூடத்துக்குள் வீசினாள். அது ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை மின்னி, மரத்தரையில் வழுக்கிக்கொண்டே போய் நட்ட நடுவில் நின்றது.

“விடும்மா, முகம் பாத்துட்டேன்ல, போதும்” என்றார் ஜெரால்டு. போதாது என்று, உறையை விடாமல் அணைத்திருந்த கையே சொன்னது.

மற்ற தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பாலத்தருகே வந்தபோது மணி மூன்று பத்து. ஜெரால்டு ஒரு பாறையில் உட்கார்ந்து உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வறட்சியாகச் சிரித்தார்.

“டான்ஸ் ஆடுற எடத்துல கோழி வளக்குற பேச்சை எவன்மா கேட்டிருப்பான்?”

நிலோஃபர் சட்டென்று நிமிர்ந்தாள். தலையில் யாரோ குட்டியது போலிருந்தது. வெறும் பேச்சு பதிந்த தட்டில் கோடுகள் ஒரே சாம்பலாகத் தெரியும். அவள் வீசிய தட்டிலோ, மின்னிய அந்த ஒரு கணத்தில், நடுவே கறுப்பாக ஒரு வளையம் ஓடியதே! எல்லா வாத்தியமும் ஓய்ந்து டிரம் மட்டும் ஒலிக்கும் இடம் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துத்தானே தினமும் ஊசியை இறக்குகிறாள்!

“அண்ணே! அது கோழி இல்ல, உங்க அம்மா பாட்டு! லேபிளை மறைச்சு ஒட்டியிருக்கான்! பக்கத்து எஸ்டேட் கிளப்காரன் பாத்துரக் கூடாதுன்னு அந்த ரெக்கார்டு போடுற ஆளு ஒட்டியிருக்கான்! நான் ஊறுகாய் ஒட்டுறேன், அவன் கோழி ஒட்டியிருக்கான்! அய்யோ, என் கையாலயே தூக்கி எறிஞ்சேனே!”

“பாப்பா, வேண்டாம்! நேரமில்ல!” தனக்கொடி கையைப் பிடிப்பதற்குள் நிலோஃபர் ஓடிவிட்டாள். பின்னால் ஜெரால்டு. அதற்கும் பின்னால், காத்திருக்க மாட்டேன் என்று சொன்ன தனக்கொடி, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே.

கூடத்தை அடைந்தபோது மேற்குச் சுவருக்கு அப்பால் மரக்கிளை முறியும் சத்தம் கேட்டது. “வந்துருச்சுங்க” என்றாள் தனக்கொடி. அவள் முகத்தில் இப்போது கேலி இல்லை.

நிலோஃபர் மரத்தரையில் குப்புறப் படுத்தாள். பாரம் பரவட்டும் என்று கைகாலை விரித்து, பல்லிபோல் நகர்ந்தாள். பலகை முனகியது. தட்டு இன்னும் நான்கு முழம். மூன்று முழம். அடுத்த பலகையில் கை வைக்கப் போனாள்.

“ஒண்ணு... ரெண்டு...”

குரல் சரியாக அவளுக்குக் கீழேயிருந்து வந்தது. கை அந்தரத்திலேயே நின்றது. அந்தச் சின்னச் சிரிப்பு கேட்டு முடிவதற்குள், அவள் கை வைக்கவிருந்த பலகை தானாக மடிந்து இருட்டில் விழுந்தது. சற்றுக் கழித்துத்தான் விழுந்த சத்தம் வந்தது.

“அம்மா...” என்றார் சுவரோரம் நின்ற ஜெரால்டு. யாரைக் கூப்பிட்டார் என்று கேட்க வேண்டியதில்லை.

நிலோஃபர் இடப்பக்கம் வளைந்து, கீழே உத்தரம் ஓடிய வழியாகவே ஊர்ந்து, தட்டை எட்டிப் பிடித்தாள். அதே சமயம் மேற்குச் சுவர் இடிந்தது! மூடுபனிக்குள் ஒரு சாம்பல் நெற்றி, இரண்டு தந்தம். ஓடுகள் மழையாகக் கொட்டின. ஜெரால்டு அவள் காலைப் பிடித்து இழுத்த இழுப்பில் சட்டையும் முட்டியும் கிழிந்தன. மூவரும் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள்.

பாதையை மறித்து இரண்டு யானைகள் நின்றதால் பாலத்துக்குப் போக முடியவில்லை. “தண்ணியில இறங்குங்க, கையைக் கோத்துக்குங்க!” இடுப்பளவு வெள்ளம். நடுவில் நிலோஃபர் சறுக்கி மூழ்கினாள். மூழ்கியும் தட்டை விடவில்லை. அக்கரையில் தனக்கொடி அவளைத் துணி பிழிகிற மாதிரி பிழிந்தெடுத்தபோது, ஊறிப்போன கோழி லேபிள் தோலாக உரிந்து வந்தது. அடியில் நீல எழுத்து: ‘தி லீச்சஸ். பாடியவர் பிரான்சிஸ்கா.’

தனக்கொடி மணியைப் பார்த்தாள். “நாலு அடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கு. பொழச்சுப் போங்க!”

மறுநாள் சென்னையில், ஜெரால்டின் கடையில், கதவைச் சாத்திக்கொண்டார்கள். தட்டைக் கழுவித் துடைத்து வைத்தாள் நிலோஃபர். ஊசியை இறக்க ஜெரால்டுக்குக் கை வரவில்லை. அவளே இறக்கினாள்.

சரசரப்பு. பிறகு யாரோ மைக் பக்கம் நெருங்கி வந்து மூச்சு விடும் சத்தம்.

“ஒண்ணு... ரெண்டு...”

அதே குரல். அதே சின்னச் சிரிப்பு. நிலோஃபர் மேஜை விளிம்பை இறுகப் பற்றினாள். ஆனால் தட்டு நிற்கவில்லை, சுற்றியது. சிரிப்புக்குப் பின்னால் அந்தப் பெண் குழுவைப் பார்த்துச் சொன்னாள்:

“இருங்கய்யா... உள்ள பையன் உதைக்கிறான்... ம், மூணு!”

டிரம் இடித்தது. பித்தளை வாத்தியங்கள் பாய்ந்தன. பிரான்சிஸ்கா பாடத் தொடங்கினாள். ஐம்பது வயது ஜெரால்டு ஸ்பீக்கரில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். “என்னைத்தாம்மா சொல்றாங்க! அது நான்தான்மா!”

கடைசி நான்கு நிமிஷத்தில் பிரான்சிஸ்காவின் பாட்டோடு மிக்ஸ் அடுத்த வாரம் வெளியானது. நிலோஃபர் ஊறுகாய் ஸ்டிக்கரையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர், வாசித்தவர் பெயரை ஒன்றுவிடாமல் எழுதினாள். ஒளித்து வைத்த பெயரால் ஒரு மகன் எதை இழக்க இருந்தான் என்று கண்ணால் பார்த்தவளாயிற்றே.

யானைகள் சுவரை இடித்த அன்றே கிளப் முழுதும் சரிந்து விழுந்துவிட்டிருந்தது. திங்கட்கிழமை இடிக்கும் ஆட்களோடு போய்ப் பார்த்த தனக்கொடி ஃபோன் செய்தாள்.

“ரொம்ப நேரம் நின்னு கேட்டேன் பாப்பா. யாரும் எண்ணலை.”