சத்தமில்லாத நாற்பது நொடி

‘துடைக்கவா?’ என்று திரை கேட்டது. பூட்டக்கா பதில் சொல்லவில்லை. பயிற்சிக் கணினியின் திரையை மட்டும் அணைத்தாள். பின்பக்கத்திலிருந்த வலைப்பின்னல் வயரைப் பிடுங்கினாள். தேநீர் குடித்த கோப்பையைக் கழுவி அந்தக் கணினியின் தலைமேலேயே கவிழ்த்தாள். அறையைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அவள் வேலை பார்த்த ஒலிக் காப்பகத்தில் எதையும் பூட்டாமல் நகரமாட்டாள் என்பதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய உண்மைப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டுமே ஞாபகம் இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு, கோப்பு போயிருந்தது.

காணாமல் போயிருந்தால்கூடத் தேடலாம். கோப்பு இருந்தது, நீளமும் குறையவில்லை. நடுவில் நாற்பது நொடிதான் வெறுமையாக இருந்தது. அது ஒரு பயணிகள் படகின் கடைசி ஒயர்லெஸ் பேச்சு. படகின் கேப்டன், அவள் கணவர். புயலைப் பொருட்படுத்தாமல் தன் இஷ்டத்துக்குப் படகை எடுத்து, ஆட்களோடு தானும் மூழ்கினார் என்று விசாரணை எழுதி முடிக்கப்போகிறது. ஆனால் திரும்பி வர அவர் அனுமதி கேட்டதும், துறைமுகம் மறுத்ததும் அந்த நாற்பது நொடியில்தான் இருந்தன. மூலக் கேசட் ஈரம் பட்டுப் பாழாகிவிட்டது. கணினிக்கு மாற்றிய பிரதிதான் மிச்சம். அதை வாங்கிப் போக விசாரணை அதிகாரி பத்து மணிக்கு வருகிறார்.

வந்தார். கெடுபிடியில்லாத, ஆனால் எதையும் இரண்டு தடவை பார்க்கிற அம்மாள். காப்பகத்தில் ஒரு கோப்புக்கு மூன்று பிரதிகள்: இங்குள்ள சர்வரில் ஒன்று, வேறு கட்டடத்தில் ஒன்று, இரும்பு அலமாரி டேப்பில் ஒன்று. மூன்றிலும் அதே வெறுமை. ஒவ்வொரு கோப்புக்கும் கணினி ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிட்டு வைத்திருக்கும்; உள்ளே ஒரு துளி மாறினாலும் எண் மாறிவிடும். அதை அங்கே ரேகை என்பார்கள். பதிவில் இருந்த ரேகையும் பொருந்தியது.

“எல்லாம் ஒத்துப்போகுதே. அந்த இடத்துல ஆதியிலேருந்தே ஒண்ணும் இல்லைன்னுதானே நான் எழுதணும்?” என்றார் அதிகாரி.

பிரதிகளிலும் ரேகைப் பதிவிலும் கைவைக்கும் அனுமதி பூட்டக்காவைத் தவிர மூன்று பேருக்குத்தான். ஒருவர் இயக்குநர், மின்னஞ்சலைக்கூட அச்செடுத்துப் படிக்கிறவர். அடுத்தவன் ஒலிப்பதிவாளன், பக்கத்து அறையில் ஊசி விழுந்தாலும் சொல்லிவிடுவான் என்று அவனுக்குக் ‘காது’ என்று பெயர். கேசட்டைக் கணினிக்கு மாற்றியவனும் அவனே. மூன்றாமவன் கணினிப் பொறுப்பாளன், எல்லோருக்கும் ‘சர்வர்’. அன்று எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தான். துறைமுக முத்திரை ஒட்டிய அவனுடைய அண்ணனின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது.

அதிகாரி மூவரையும் தனித்தனியாகக் கேட்டார். இயக்குநர் தன் கடவுச்சொல்லே மறந்துபோய் ஒரு மாதம் ஆகிறது என்றார். காது, தான் மாற்றியபோது பேச்சு முழுசாக இருந்தது, சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன் என்றான். சர்வர் பரிவோடு பேசினான். அக்காவின் துக்கம் தனக்குப் புரிகிறது, ஆனால் ரேகை பொய் சொல்லாது என்றான்.

பூட்டக்கா காதை மட்டும் அழைத்து, ஹெட்போனை அவன் தலையில் மாட்டினாள்.

“இந்த நாற்பது நொடியில என்ன கேக்குது?”

“ஒண்ணுமே கேக்கலக்கா.”

“நல்லாக் கேளு.”

கேட்டான். மெல்ல முகம் மாறியது. “ஒண்ணுமே கேக்காம எப்படிக்கா இருக்கும்?”

அப்போதுதான் அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். பழைய கேசட்டில் யாரும் பேசாத இடத்திலும் மழை தூறுவது போல ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தக் கோப்பில் முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது. நடுவில் மட்டும் கிணற்றுக்குள் விழுந்தது போல அறுந்துபோகிறது. பதிவான மௌனம் இல்லை அது, அழித்த இடம்.

“செஞ்சது காதா இருந்தா, வேற இடத்து இரைச்சலை எடுத்து ஒட்டு தெரியாம நிரப்பியிருப்பான். நம்ம இயக்குநர் சாரா இருந்தா, மொத்தக் கோப்பையும் தொலைச்சிருப்பார்.” இயக்குநர் தலையாட்டி ஒப்புக்கொண்டார். “ரேகையைத் திருத்தவும் தெரிஞ்சு, சத்தத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆளு இங்க ஒருத்தர்தான். தம்பி, அன்னைக்கு ஒயர்லெஸ்ல பதில் சொன்னது உங்கண்ணன்தானே?”

சர்வர் சிரிக்கப் பார்த்தான். “எல்லாம் ஊகம். முழுப் பேச்சு இருந்துச்சுன்னா எடுத்துக் காட்டுங்களேன்.”

“டேப்புலேருந்து கோப்பைத் திரும்ப எடுக்க முடியுதான்னு பாக்குற மீட்புப் பயிற்சி நேத்து. எந்த டேப்புன்னு சீட்டு எடுத்தப்போ இதுதான் வந்துச்சு. பயிற்சிக் கணினியில தனியா இறக்கிப் பார்த்தேன்.”

“பயிற்சி முடிஞ்சா அன்னைக்கே துடைச்சிரணும். அது விதி. நீங்க துடைக்காம வீட்டுக்குப் போன நாளு உண்டா?”

“அதை நம்பித்தானே இன்னைக்குக் காலையில கைவச்சீங்க?” என்றாள் பூட்டக்கா. “உண்டு. நேத்து.”

அவன் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான்.

கேசட்டை மாற்றிய அன்றே, கேட்கிறீர்களா என்று காது அவளிடம் கேட்டிருந்தான். அவளுக்குத் தைரியம் வரவில்லை. நேற்றுச் சீட்டு விழுந்த பிறகுதான், வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு அந்தக் குரலைத் தன் விரலாலேயே துடைக்க முடியவில்லை. அதிகாரியிடம் இதை மறைக்கவில்லை; விதியை மீறினேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, “அறையைத் திறங்க,” என்றார்.

எல்லோரும் சுற்றி நிற்க அது ஓடியது. இரைச்சல் ஓரிடத்திலும் அறுபடவில்லை. அவள் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காற்று மோசம், ஆட்களோடு திரும்பி வர அனுமதி வேண்டும் என்று கேட்டார். வேறொரு குரல், சர்வரின் குரலுக்கு அண்ணன் என்று யாரும் சொல்ல வேண்டாத குரல், அட்டவணைப்படி போகச் சொன்னது. அவர் மறுபடி கேட்டார். மறுபடி மறுத்தது.

“என் அண்ணன் அதுலேருந்து தூங்குறதே இல்லைங்க,” என்றான் சர்வர், யாரையும் பார்க்காமல்.

அவர்கள் கண்முன்னே ரேகை கணக்கிட்டு, கையெழுத்திட்டு, அதிகாரி பிரதியை வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று, “கேப்டன் மேல தப்பு இல்லை. நானே எழுதுறேன்,” என்றார். காது அந்த அறையிலேயே விசிலடித்தான். இயக்குநர் அவனைக் கண்டிக்க மறந்துபோனார்.

ஆட்கள் போனபின் பூட்டக்கா கவிழ்த்திருந்த கோப்பையை எடுத்துக்கொண்டாள். திரையில் அந்தக் கேள்வி நேற்று விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது: ‘துடைக்கவா?’