மூன்றாவது வரிசையில் ஒரு செடி

பூச்சி தின்னும் குடுவைச் செடியின் மூடி ஒருமுறை விரிந்துவிட்டால் பிறகு மூடாது. பூச்சி விழுந்தாலும் அசையாது. அக்கா சொல்லிவிட்டுப் போனது இது. ஆனால் நேற்று விரிந்திருந்த பெரிய குடுவை ஒன்று இன்று பகலில் இறுக மூடியிருந்தது.

மகளின் பிரசவத்துக்குப் போன அக்கா, பின்பக்கத்துக் கண்ணாடி அறையைத் தங்கையை நம்பி விட்டதே அதிசயம். குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைநீர் மட்டும். உரம் கூடவே கூடாது. காய்ந்த குடுவைகளை நறுக்கிவிட வேண்டும். அத்தானைக்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கவனித்ததில்லை என்று தங்கை கேலி செய்திருந்தாள்.

தெளிப்பானை வைத்துவிட்டுக் குனிந்தாள். ஈரப் பாசியின் வாடை, அதன் மேல் தேன் போல ஒரு தித்திப்பு, அதற்கும் அடியில் நாள்பட்ட பூச்சாடித் தண்ணீரின் முடைநாற்றம். ஏதோ ஒரு குடுவைக்குள் விழுந்த ஈ சிறகடித்து, ஓய்ந்து, மறுபடி சிறகடித்துக்கொண்டிருந்தது. மூடிய குடுவை முழங்கை நீளம் இருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

அக்காவுக்குப் போன் செய்து, மூன்றாவது வரிசை ஓரத்தில் இருப்பது மூடிக்கொண்டதே, வெட்டிவிடவா என்று கேட்டாள்.

“மூணாவது வரிசையா? நான் ரெண்டு வரிசைதானடி வெச்சிருக்கேன்.”

“இங்க இருக்கேக்கா.”

“நீ உள்ளயா நிக்கிற?” அக்காவின் குரல் இறங்கியிருந்தது. “எதையும் தொடாத. அப்படியே வெளிய வந்துடு.”

அவள் ஏற்கெனவே தொட்டிருந்தாள்.

நாலே எட்டில் கதவு. கைப்பிடியில் வழவழவென்று ஏதோ பூசியிருந்தது, விரல்கள் நழுவின. துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். நழுவியது. போனும் நழுவித் தண்ணீர்த் தட்டில் விழுந்து அணைந்தது.

கண்ணாடிக்கு அப்பால், பத்தடி தூரத்தில், பக்கத்து வீட்டு அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இவள் கத்தினாள். கண்ணாடியை அறைந்தாள். அந்த அம்மா திரும்பி, இவள் முகத்துக்கு நேராகப் பார்த்து, தன் பிம்பத்தைப் பார்ப்பவர் போலக் கலைந்த தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, வாளியோடு உள்ளே போய்விட்டார்.

ஈயின் சத்தம் நின்றிருந்தது.

புழுக்கம் ஏறியது. கண்ணாடியில் ஆவி படர்ந்தது. ஆவியில் கைத்தடங்கள் தெரிந்தன.

உள்பக்கத்தில்.

அவளுக்கு எட்டாத உயரத்தில். பெரிய கைகள். ஒன்று மட்டும் குழந்தையினுடையது. எல்லாமே மேலிருந்து கீழே இழுபட்டிருந்தன.

அவள் தன் இரு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

எதிரே, ஆவி படிந்த கண்ணாடியில், ஐந்து விரல்கள் புதிதாகப் பதிந்தன. மெல்லக் கீழே இறங்கின.