தொடாத பெரியம்மா

"அக்கா, ஒரு நிமிஷம் இவளப் பிடிங்க! கீழ கம்பெனி வேன்காரன் ஹாரன் அடிச்சே கொல்றான்!"

ஓர்ப்படி குழந்தையை நீட்டிய வேகத்தில் பெரியவள் இரண்டடி பின்வாங்கினாள்.

"பாயில விடும்மா… நான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கறேன்."

அவ்வளவுதான்! சின்னவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பதினோரு மாசமாச்சு! ஒரு நாளாவது தூக்கியிருக்கீங்களா? இவ பொம்மையத் தொட்டாக்கூட சோப்புப் போட்டுக் கையக் கழுவறீங்க. தனக்கு ஒண்ணு இல்லைன்னா அடுத்தவ பெத்ததையும் பிடிக்காதா?"

குளித்துக்கொண்டிருந்த கணவனைக் கூப்பிட்டுக் குழந்தையை அவனிடம் திணித்துவிட்டுப் படியிறங்கினாள். பெரியவள் வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும்.

எட்டு வயதில் தாயை இழந்த கொழுந்தனைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள். தனக்கென்று பிள்ளை பிறக்காத குறையே அவனால் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவன் ஓட்டிய ஸ்கூட்டர் மழையில் சறுக்கியது. அவனுக்குச் சிராய்ப்பு. பின்னால் இருந்த அவளுக்கு மண்ணீரல் சிதறி, அதையே எடுத்துவிட்டார்கள். "வயித்துல தையல்னு மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சா உங்க தம்பி காலத்துக்கும் தலை நிமிர மாட்டான்" என்று கணவரிடம் சத்தியம் வாங்கினாள்.

டாக்டர் சொன்னதாகக் கணவர் வந்து ஒப்பித்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தாள். தடுப்பூசி, நேரத்துக்குச் சாப்பாடு, பழம், மொட்டைமாடியில் நடை, ஒன்பது மணிக்குத் தூக்கம். கடைசியாகச் சொன்ன ஒன்றுதான் நெஞ்சை அறுத்தது: குழந்தைகளைத் தொடக்கூடாது. குழந்தையின் சட்டைகளைத் துவைத்துக் காயவைத்து, மடித்து, மடியிலேயே சற்று நேரம் வைத்திருப்பாள். பாவி மனசு, அதற்குமேல் எதைக் கேட்கும்!

அன்று காலை பத்து மணிக்கு அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. கொழுந்தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"காய்ச்சல்தான அண்ணி? ஒரு மாத்திரையப் போட்டுட்டுத் தூங்குங்க."

இவன் பேச்சைக் கேட்டுப் படுத்தால் ரகசியம் பிழைக்கும், உயிர் பிழைக்காது. பர்ஸிலிருந்து மருத்துவமனை அட்டையை எடுத்து நீட்டினாள். 'மண்ணீரல் அகற்றப்பட்டவர். காய்ச்சல் கண்டால் உடனே வரவும்.' கீழே தேதி. அந்த மழை நாள்!

"அண்ணி… என்னாலயா?"

"அப்புறம் அழலாம்டா தம்பி. இப்ப ஆட்டோ கூப்பிடு."

சரியான நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்ததால் ஊசி மருந்து வேலை செய்தது. மூன்றாம் நாள் டாக்டர் பார்க்க வந்தபோது, விஷயமறிந்த ஓர்ப்படி வாசலில் குழந்தையோடு நின்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"கிட்ட வராதேம்மா! நான் தொடக்கூடாது…" என்று பெரியவள் பதறினாள்.

"யார் சொன்னா?" என்றார் டாக்டர்.

"நீங்கதான் டாக்டர்!" என்றார் கணவர். "கொழந்தைங்களத் தொட்டுடாம பாத்துக்கங்கன்னு…"

"கொழந்தைங்ககிட்ட இருந்து தொத்து வராம பாத்துக்கங்கன்னு சொன்னேங்க! சளி, காய்ச்சல் இருந்தா மட்டும் தள்ளி இருக்கணும். மத்த நாள்ல கையக் கழுவிட்டு ஆசை தீரத் தூக்கட்டுமே!"

கணவருக்கு இருபது வருடம் லேத் பட்டறை இரைச்சலில் ஊறிய காது! 'தொத்து' என்றதைத் 'தொட்டு' என்று கேட்டு, ஒரு பெண்ணின் பதினோரு மாதத்தையே தின்றிருந்தது. அவர் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஓர்ப்படி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "என்னென்ன பேசிட்டேன்… இந்த நாக்கு அழுகாதாக்கா!"

"சீ, எழுந்திரு. இவளுக்குச் சளி எதுவும் இல்லையே?"

"இல்லக்கா."

"அப்ப குடு."

அந்தக் கைகளைக் குழந்தைக்குப் பழக்கமில்லை. முதுகை வளைத்துக்கொண்டு, அம்மாவிடம் தாவி, வீறிட்டு அழுதது. சின்னவள் தவித்துப்போய்த் திரும்ப வாங்கப் பார்த்தாள்.

பெரியவள் விடவில்லை.

"இருக்கட்டும்மா… அழுதாலும் என் தோள்லயே அழட்டும்."