உறை பிரியாத தட்டு

பல் துலக்கி வாய் கொப்பளிப்பதற்குள் நாச்சிமுத்து ஒன்பது இசைத்தட்டுகளைக் கேட்டு முடித்திருந்தார். சனியின் நிலவான டைட்டனில் இதெல்லாம் சாதனையில் சேர்த்தி இல்லை. தட்டை உறையோடு காதோரம் ஒருமுறை கொண்டுபோனால் போதும். காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் நினைவுமுள் அதன் வரிகளை உறைக்கு வெளியிலிருந்தே படித்து, கேட்ட நினைவை மூளையில் எழுதிவிடும். மூன்று நொடி வேலை. கேட்டிருக்க மாட்டோம், ஆனால் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கும்.

முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து யார் கேட்பது? அதோடு, மேலுறையைப் பிரித்துவிட்டால் தட்டின் மதிப்பு போயே போயிற்று. பிரித்த தட்டை வைத்திருப்பவனைச் சேகரிப்பாளர் சங்கத்தில் எச்சில் இலையில் சாப்பிட்டவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். நாச்சிமுத்துவின் அலமாரியில் கூரைவரை அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றுகூட நகம் பட்டதில்லை.

கண்ணாடிக் குவிமாடத்துக்கு வெளியே மீத்தேன் மழை. ஆரஞ்சு மூட்டத்திலிருந்து பெரிய பெரிய துளிகள், விழுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டு நாச்சிமுத்து வருடக் கடைசியில் வானொலியில் பேசுவார். எந்தத் தட்டு பிடித்தது, எது ஏமாற்றியது என்று அவர் சொல்வதைக் குடியிருப்பே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்கு நாக்கு உண்டு. ஐரோப்பா நிலவின் பனிக்கடியில் பதிவான நாகஸ்வரத் தட்டைப் பற்றி, “பனி விரிசல் விடற சத்தம் சுருதிக்குள்ள வந்து உக்காந்துக்குதுங்க” என்று சொல்லிக் கண் கலங்கினார். செவ்வாய்க் குழுவின் மூன்றாம் தட்டு என்றாலே எரிச்சல். “முதல் தட்டுல பசியோட பாடுனாங்க. இப்ப ஏப்பம் விடறாங்க.”

இந்த வருடப் பேச்சுக்கு முதல் நாள் அவர் மனைவி மயிலாத்தாள் ஒரு தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்குக் காற்று சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. இயந்திரங்களின் முனகலோடு சேர்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்ளும் பழக்கம் உண்டு.

“ஏனுங்க, இதையக் கேளுங்க.”

“யாரோடது அம்மிணி?”

“என்னோடதுதானுங்க. நானே பாடுனது. ஒண்ணே ஒண்ணுதான் அடிக்கச் சொன்னேன்.”

அவர் வாயைப் பிளந்தார். அவள் தொடர்ந்தாள். “காலிஸ்டோ நிலவுக்கு மாத்தல் வந்திருக்குது. வெள்ளிக்கிழமை கப்பல். போறதா இருக்கறதான்னு நீங்க இதைக் கேட்டுட்டுச் சொல்றதை வச்சுத்தான் முடிவு பண்ணோணும். கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து நான் பேசுனதை நீங்க முழுசாக் கேட்டதே இல்லீங்க. தட்டுல இருந்தாலாவது கேப்பீங்கன்னு நினைச்சேன்.”

அவள் வேலைக்குப் போன பிறகு நாச்சிமுத்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளை விட்டுவிட்டு இருப்பதை அவரால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. பிரித்தே கேட்டுவிடுவோம் என்று நகத்தை மேலுறையில் வைத்தார். சூரியனைச் சுற்றுகிற அத்தனை உலகங்களிலும் சேர்த்து இருப்பது இந்த ஒரே பிரதி. நகம் நகர மறுத்தது. தட்டைக் காதோரம் கொண்டுபோனார்.

மூன்று நொடியில் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஜன்னலோரம், மெதுவாக இறங்கும் மழை, அறையெங்கும் மயிலாத்தாளின் குரல். பக்கத்தில் அவளே தோளில் சாய்ந்திருந்தாள், கூந்தலில் சுத்திகரிப்பு நிலையத்தின் இரும்பு வாசம். நாச்சிமுத்து அழுதுவிட்டார். அந்தக் கண்ணீர் நிஜம், அதில் சந்தேகமே இல்லை.

அடுத்த நாள் வானொலியில் மயிலாத்தாளின் தட்டைத் தவிர அவர் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. இந்த வருடம் முதலிடம் இந்தத் தட்டுக்குத்தான், இப்படி ஒன்றைத் தன் ஆயுசில் கேட்டதில்லை என்றார். மறுநாள் மயிலாத்தாளை வழிமறிக்காதவர்கள் இல்லை. உணவுக்கூடத்துக்காரர் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுவிட்டு, “ரெண்டாம் பக்கத்துல ஒரு இடம் வருதே, அடடா” என்றார். மேலதிகாரி நேற்றிரவு முழுக்க அதைத்தான் கேட்டாராம். இருப்பது ஒரே ஒரு பிரதி, அது தன் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வாள். சிரித்துவைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “எப்பங்க கேட்டீங்க?”

“முந்தாநாள் சாயங்காலம். ஜன்னலோரம். நீயுந்தான் பக்கத்துல சாஞ்சிருந்தியே.”

“முந்தாநாள் எனக்கு ரெண்டு ஷிப்டுங்க. நான் வூட்லயே இல்லை.”

நினைவுமுள்ளைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். வெறும் பாட்டை மட்டும் எழுதினால் நினைவு வெறிச்சென்று இருக்கும் என்று, பிடித்தமானவர்களை யாரும் கேட்காமலே பக்கத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். நாச்சிமுத்துவுக்கு அது தெரியும். தெரிந்தும் மறந்திருந்தார். முகம் செத்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அவள் பையைக் கட்டும்போது அவர் ஓடிப்போய்த் தட்டை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மேலுறையைக் கிழித்தார். “இப்பவே கேக்கறேன் அம்மிணி. முழுசா. ஒரு முக்கா மணி நேரம் இரு.”

சொன்ன பிறகுதான் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தட்டைச் சுழலவிட்டுக் கேட்கிற இயந்திரம் அந்த வீட்டில் இல்லை. அலமாரிக்கு இடம் போதவில்லை என்று எப்போதோ தூக்கிப் போட்டிருந்தார்.

“வுடுங்க,” என்றாள் மயிலாத்தாள். குரலில் கோபம் இல்லை. அது அவருக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

“போகாத அம்மிணி. இன்னிமேட்டு நீ சொல்றதெல்லாம் கேக்கறேன். கூட இருந்துதான் பாரேன்.”

“இருந்து பாத்துட்டனுங்க.”

அவள் திரும்பித் தலைமுடியை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் தோல் புதிதாகச் சிவந்திருந்தது.

“நேத்துத்தான் நானும் முள்ளு வச்சுக்கிட்டேன். நம்ம வூட்டுக் கேமராவுல பதிவானதையெல்லாம் குடுத்தா, மிச்ச வாழ்க்கையைக் கணக்குப் போட்டு எழுதித் தர்றாங்க. கடைசி வரைக்கும் உங்ககூட இருந்த நினைவை எழுதிக்கிட்டேன். அதே மூணு நொடிதான்.”

நாச்சிமுத்து கிழிந்த உறையோடு நின்றார். இந்த நேரத்தில் கேட்கக்கூடாத கேள்விதான். ஆனால் பழக்கம் யாரை விட்டது.

“எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுங்க. மழை பெஞ்சுது. நீங்க பக்கத்துல உக்காந்து நான் பேசுனதையெல்லாம் கேட்டீங்க.” அவள் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள். “ஒரு குறை சொல்றதுக்கில்லை.”

பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அவரோடு வாழ்ந்து முடித்தாகிவிட்டது, கப்பலுக்குத்தான் நேரமாகிக்கொண்டிருந்தது.