தலைமாட்டுக் கத்திரி

ட்ரிப்ஸ் ஸ்டாண்டின் கொக்கியில் வெறும் நூல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஏ.சி. காற்றில் அது மெல்லத் திரும்பி, நின்று, மறுபக்கம் திரும்புவதை, பாதி தெளிந்த மயக்கத்தோடு சரண்யா பார்த்துக்கொண்டே கிடந்தாள். அந்த நூலில் ஏதோ தொங்க வேண்டும்.

கத்திரி.

நர்ஸ் கட்டிவிட்டுப் போன கத்திரி. "வாந்தி வந்தா இந்தக் கம்பியெல்லாம் டக்குனு வெட்டிடணும். இல்லன்னா மூச்சுக்குழாய்க்குள்ள போய்டும். இது இங்கேருந்து நகரவே கூடாது, சரியா?" என்று எல்லோரிடமும்தான் சொன்னாள்.

அடையாறு பாலத்து இறக்கத்தில் சைக்கிள் சறுக்கி உடைந்த தாடை. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். பதினேழு வயது வாய், ஷட்டர் இறக்கிப் பூட்டிய கடை மாதிரி கிடந்தது.

எதிரே நாற்காலி கொள்ளாமல் பெரியப்பா சிதம்பரநாதன். தி.நகரில் ஜவுளிக்கடை. கடைப் பைகளில் சாமி படம் போடுகிற இடத்தில் தன் படத்தைப் போட்டுக்கொண்டவர். சாமி ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் சரண்யாவிடம்தான் கேட்டார். "கார், பஸ்ல போனா வாந்தி வருமாம்மா? வரும்னா முன்கூட்டியே மருந்தக் கூட்டிக் குடுத்துடலாம். உன் வயசுல ஆபரேஷனுக்கு அப்புறம் வாந்தி ஜாஸ்தி."

பேச முடியாமல் அவள் கையைத் தூக்கினாள். பெரியப்பா அந்தக் கையைப் பாசத்தோடு பிடித்து மடியில் அமுக்கினார்.

"எங்க வம்சத்துல வாந்தி எடுத்த ஆளே கிடையாது டாக்டர். இரும்பு வயிறு!"

அம்மா வாயைத் திறந்து, மூத்தவர் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டாள்.

சரக்கில் குறை இருந்தால் கடைக்காரன் வாயால் அதைச் சொல்லக் கூடாது. பெரியப்பாவின் தொழில் தர்மம் அது. குற்றாலத்துக்குப் போகும்போதெல்லாம் தாம்பரம் தாண்டுமுன்பே இவள் வாந்தி எடுப்பாள் என்பது அவருக்குத் தெரியாததா? பிளாஸ்டிக் தடை வந்தபின் மிஞ்சிய கடைப் பைகளை அதற்காகவே காரில் கட்டாக வைத்திருப்பவர் அவர்தானே. அவருடைய சிரித்த முகத்துக்குள்தான் வருஷா வருஷம் எடுத்திருக்கிறாள்.

இப்போது அவர் வடையைப் பிட்டார். ஆறிய எண்ணெயின் வாடை ஸ்பிரிட் நெடியோடும் அவருடைய ஜவ்வாது மணத்தோடும் கலந்து, ஏ.சி.யின் குளிரில் கனத்து, மெதுவாகக் கட்டிலுக்கு வந்து, அவள் மூக்குக்கு மேலே போர்வை மாதிரி படிந்தது. தொண்டையில் விழுங்கிய ரத்தத்தின் துருச்சுவை. வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது.

"என்ன பிள்ள, நூலயே பாக்க? கத்திரியத் தேடுதியோ? தலைமாட்டுல கத்திரி தொங்குனா குடும்பத்துக்கு ஆகாது. பெரியப்பா எடுத்துப் பையில பத்திரமா வச்சிருக்கேன்."

கதவுக்குப் பின்னால் மஞ்சள் பை தொங்கியது. அதில் அவர் சிரித்தார்.

அம்மா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நர்ஸைக் கூப்பிடும் பெல் ஸ்விட்ச்? பெரியப்பா அதன் வயரை நேர்த்தியாகச் சுருட்டி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார்.

வராந்தாவில் காலடிச் சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது. நர்ஸின் குரல் மட்டும் வந்தது.

"வாந்தி வர மாதிரி இருக்குதா சார்?"

"ஒண்ணுமில்ல தாயி. பிள்ள அசந்து தூங்குதா. எழுப்பிராதீங்க."

சரண்யா தொண்டைக்குள்ளிருந்து முனகினாள். கதவு மூடிக்கொண்டது. செருப்புச் சத்தம் தேய்ந்து, லிஃப்ட் சத்தத்தில் கரைந்தது.

வயிற்றின் அடியில் ஏதோ புரண்டது. நின்றது. மறுபக்கம் புரண்டது. அந்த நூலைப் போலவே.

விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். இனி விழுங்க முடியவில்லை.

நெற்றியில் குளிர்ந்த வியர்வை. காதில் இரைச்சல்.

கையை ஓங்கிக் கட்டில் கம்பியில் அடித்தாள். டங். டங்.

பெரியப்பா நிமிர்ந்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"பிள்ள நல்லா தெளிஞ்சிட்டா!" எண்ணெய் விரலை வேட்டியில் துடைத்து, செல்போனை எடுத்து, சொந்தபந்தம் அத்தனை பேரையும் வீடியோவில் கூப்பிட்டார். சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் முளைத்தன. "கையத் தட்டுதா பாத்தீங்களா!"

டங். டங். டங்.

மஞ்சள் பையைக் காட்டினாள். "ஆமா, பெரியப்பா படம்தான்!"

மேலே வந்தது. சூடாக. நெஞ்சைத் தாண்டி. தொண்டை. நாக்கின் அடி.

பல்லில் வந்து மோதியது.

உதடுகள் தாமாக விரிந்தன. காது வரைக்கும் இழுத்துக்கொண்டன.

"சிரிக்கா பாருங்க! பெரியப்பாவப் பாத்ததும் எப்பிடிச் சிரிக்கான்னு பாருங்க!"

"ஆமாண்ணே, லட்சணமா சிரிக்கா!" போனுக்குள்ளிருந்து யாரோ.

அவளும் பார்க்கட்டும் என்று அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அத்தனை முகங்களுக்கும் நடுவில் அவள் முகம். ஈறு தெரிய விரிந்த சிரிப்பு. கம்பிகளில் விளக்கொளி. ஒவ்வொரு பல்லிடுக்கிலும் கறுப்பாக ஏதோ கசிந்து, இறங்கியது.

"இன்னும் கொஞ்சம் சிரி மக்கா. சித்தப்பாவும் பாக்கட்டும்."